அறுபதாவது பெல்லட்

எனக்குச் சும்மா இருக்க வராது. பஸ்ஸுக்கு நின்றால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டு வருவேன். சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஹாரன் அடிப்பேன். முன்னால் நிற்பவர் திரும்பி முறைத்தால் நானும் முறைப்பேன். இப்படிப்பட்டவள் நாற்பது வயதில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். என் வீட்டுக்காரர் வாய்விட்டே சிரித்தார்.

"உனக்கெதுக்குத் துப்பாக்கி? வாய் போதாதா?" என்றார்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் எனக்குத் தர சோதனை வேலை. வண்டிகளுக்குப் போகிற புஷ், வாஷர், பின் எல்லாம் என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் ஓரத்தைத் தடவி, பிசிறோ நசுங்கலோ இருந்தால் தனியாகப் போட வேண்டும். பதினாறு வருடமாக இதே வேலை. இப்போதெல்லாம் கண் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, விரலே பார்த்து விரலே முடிவு செய்துவிடும். "அக்கா, நீ ஒரு பீஸைத் தொட்டாலே எனக்கு பேஜாரா கீது" என்பார் எங்கள் லேத் ஆபரேட்டர். தொட்டுவிட்டு, இன்றைக்கு எத்தனை நல்லது, எத்தனை கழிவு, மாலைக்குள் எத்தனை முடியும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருப்பேன். கணக்கு ஓடாத நேரம் என்று எனக்கு ஒன்று கிடையாது.

துப்பாக்கி அந்தக் கணக்கை நிறுத்தியது. குரோம்பேட்டையில் ஒரு கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் கிளப். ஏர் பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டி, இன்னொரு கையை ஆடாமல் இருக்கப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பத்து மீட்டர் தூரத்திலுள்ள கறுப்பு வட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கை மெல்ல இறங்கி வட்டத்துக்கு அடியில் வந்து நிற்கும்போது ஒரு பத்து விநாடி தலைக்குள் எதுவுமே இருக்காது. முதல் நாள் அந்தப் பத்து விநாடி கிடைத்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. இரும்புலியூர் வீட்டில் ஹால் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு வரைந்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் குண்டு போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவேன். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு போகும். கேட்காது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை என்று வீட்டிலேயே ஒத்துக்கொண்டார்கள்.

பிஸ்டல் என்னுடையது இல்லை. ஸ்கூட்டர் விலைக்கு மேல் போகிற சாமானை வாங்க என்னால் முடியாது. கிளப்பில் நான்கு பிஸ்டல்கள். ஆளுக்கு ஒன்று என்று நான்கு பேர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடம் சும்மா. இரண்டாம் வருடத்திலிருந்து, மாநிலப் போட்டியில் ஐந்நூற்று முப்பது புள்ளி எடுத்தால்தான் பிஸ்டல் கையில் தங்கும். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். நாம் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கடைசிக்குப் போனால் எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. இதைக் கிளப்பில் 'கோடு தாண்டுவது' என்பார்கள். அந்த வருடம் நான் கோடு தாண்டியாக வேண்டும்.

பயிற்சியில் ஐந்நூற்று முப்பத்தைந்து சர்வ சாதாரணமாக வரும். போட்டி என்றால் ஐந்நூற்றுப் பதினெட்டு. காரணம் எனக்கே தெரியும். அறுபது குண்டில் முப்பது முடிந்ததும் உள்ளே கணக்கு ஆரம்பித்துவிடும். இதுவரை இவ்வளவு, இன்னும் இவ்வளவு வேண்டும், இப்போது எட்டு விழுந்துவிட்டது, அப்படியென்றால் அடுத்த இரண்டும் பத்தாக வேண்டும். அதற்குள் கை ஆடத் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது பின்னால் நடந்தால் தொலைந்தார்கள். மாவட்டப் போட்டியில் ரேஞ்ச் ஆபீசரே என் முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை நடந்தார். போட்டியை நடத்துகிற மேற்பார்வையாளர் அவர்; நடப்பதுதான் அவர் வேலை. நான் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "சார், வாக்கிங் போகணும்னா ஜிஎஸ்டி ரோட்ல போய் நடங்க" என்று சொல்லிவிட்டேன். எச்சரிக்கை கொடுத்தார். அதோடு அந்தப் போட்டியும் போயிற்று.

எனக்கு அடுத்து வரிசையில் இருந்தது பல்லாவரத்திலிருந்து வருகிற ஒரு பெண். பேங்கில் வேலை, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நான் கோடு தாண்டாவிட்டால் பிஸ்டல் நேராக அவளுக்குத்தான். அப்படி இருந்தும் அவள்தான் எனக்கு வழி சொன்னாள்.

"அக்கா, உங்க பிரச்சனையே அந்த டோட்டல்தான். ஸ்கிரீனோட கீழ்ப் பாதியை ஒரு துணியால மூடிடுங்க. குண்டு எங்க விழுதுன்னு மேல படம் தெரியும், அது போதும்."

ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கிற சின்னத் திரையில், மேலே வட்டத்தின் படமும் கீழே மொத்தப் புள்ளியும், எத்தனையாவது குண்டு என்பதும் வரும். கீழே மூடிவிட்டால் இரண்டுமே தெரியாது. "அப்புறம் எத்தனை சுட்டேன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அறுபது பெல்லட்டை முதல்லயே எண்ணிப் பெட்டில போட்டுக்கோங்க. பெட்டி காலியானா மேட்ச் முடிஞ்சது. இதுல என்ன இருக்கு?"

பெல்லட் என்பது கடுகைவிடப் பெரிய, பாவாடை வைத்தது மாதிரி அடி விரிந்த ஈயக் குண்டு. எண்ணுவது எனக்குச் சொல்லியா தர வேண்டும்? போட்டிக்கு முந்தின மாலை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அறுபதை எண்ணிப் போட்டேன். கொட்டி மறுபடி எண்ணினேன். என் வீட்டுக்காரரையும் ஒரு தடவை எண்ண வைத்தேன். சரியாக அறுபது.

போட்டியன்று யாரோடும் வாய் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தாம்பரம் மேம்பாலம் தாண்டுவதற்குள் ஒரு ஆட்டோ குறுக்கே வந்து, தப்பு அவர் பேரில் இருக்க, என்னைப் பார்த்து "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அதை விழுங்கியதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

ரேஞ்சில் அதே ஆபீசர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் எச்சரிக்கையானது. திரையைத் துணியால் மூடலாமா என்று மரியாதையாகக் கேட்டேன். "தாராளமா மூடுங்க மேடம்" என்றார். துணியைக் கிளிப் போட்டு மாட்டினேன். எழுபத்தைந்து நிமிடம், அறுபது குண்டு. ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

முதல் பத்து குண்டுக்கு நெஞ்சு அடிப்பது பிஸ்டல் நுனியில் தெரிந்தது. ஒன்பது, எட்டு, ஒன்பது. பதினைந்தாவதோ பதினாறாவதோ விசையை அவசரமாக இழுத்து ஆறில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அதோடு கணக்குப் பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான். கூட்டத்தான் பார்த்தேன். கூட்டுவதற்கு எதுவும் இல்லை. எதோடு எதைக் கூட்டுவது என்றே தெரியவில்லை. மூச்சை விட்டேன், தண்ணீர் குடித்தேன், டப்பாவிலிருந்து அடுத்ததை எடுத்தேன். அப்புறம் எடுப்பது, போடுவது, நீட்டுவது, இறங்குவது, நிற்பது, அவ்வளவுதான். நடுவில் ஒரு பெல்லட்டின் பாவாடை ஓரம் லேசாக நசுங்கியிருந்தது. அதைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். பக்கத்து லேனில் இருந்தவர் நாற்காலியைக் கீழே தள்ளினார். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி குண்டு ஒன்பதில் விழுந்தது. டப்பாவைச் சாய்த்துப் பார்த்தேன், காலி. பிஸ்டல் குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிற்றைச் செருகி, கீழே வைத்துவிட்டு, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்னும் பாதிப் பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் மீதி என்று மைக்கில் சொன்னபோது அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கால் ஆடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீசர் எனக்குப் பின்னால் நடந்து போனார். திரும்பி வந்தார். ஷூ கிறீச்சிட்டது. எனக்கு நேர் பின்னால் நின்று இருமினார். மூன்றாவது முறை வந்தபோது, மாவட்டப் போட்டி ஞாபகம் வந்து, நானாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். பழைய கோபம் ஒன்றும் இல்லை என்று காட்டுகிற மாதிரி. அவர் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் என்றார்கள். பிறகு நிறுத்தச் சொன்னார்கள்.

எழுந்து போய்த் துணியை எடுத்தேன்.

மொத்தம் 527. பரவாயில்லையே, மூன்று குறைகிறதே, என்று ஒரு நொடி. அப்புறம்தான் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 59.

இடது கையைப் பாக்கெட்டில் விட்டேன். விரலில் பட்டது. ஓரம் நசுங்கியதுதான். அதற்குப் பதில் வேறொன்று போட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கழித்ததைக் கழித்தபடி போவதுதானே என் வேலை. அந்த நசுங்கினதைப் போட்டுச் சுட்டிருந்தாலும் ஆறு புள்ளியாவது வந்திருக்கும். எனக்கு வேண்டியது மூன்று.

ஆபீசர் பக்கத்தில் வந்து நின்றார். விதிப்படி அவர் எதுவும் சொல்லக் கூடாது. போட்டி முடிகிற வரைக்கும் சுடுகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவருடைய திரையில் எல்லாருடைய எண்ணும் தெரியும்.

"பன்னெண்டு நிமிஷம் இருந்துச்சு மேடம்" என்றார் மெதுவாக. "நான் சொல்லக் கூடாது. அதான் பின்னாடி நடந்தேன். மூணு தடவை நடந்தேன். போன தடவை மாதிரி எழுந்து சண்டைக்கு வருவீங்க, அப்படியே ஸ்கிரீனைப் பார்ப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க சிரிக்கிறீங்க."

"தேங்க்ஸ் சார்" என்று மட்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டரில் வரும்போது கோபத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் ஒரு கெட்ட நினைப்பு வந்தது: துணியால் மூடச் சொன்னது யார், பிஸ்டல் யாருக்குப் போகப் போகிறது? தாம்பரம் வரைக்கும் அதையே மென்றுகொண்டு வந்தேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மென்றேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் வழக்கமான கிண்டல் எதுவும் பண்ணவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அதைவிட அவர் கிண்டலே செய்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பிஸ்டலை ஒப்படைத்தேன். பல்லாவரத்துக்காரி அழுதுவிடுவாள் போல நின்றாள். "நான் சொல்லாம இருந்திருக்கணும் அக்கா" என்றாள்.

"எண்ணினது நான், கழிச்சதும் நான். நீ புடி" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

அவள் பிடித்துப் பார்த்தாள். மரப் பிடியில் என் உள்ளங்கைக்குத் தக்கபடி ஆசாரிகள் ஓட்டை அடைக்கிற மர மக்கை அப்பி, மேடும் பள்ளமுமாகச் செதுக்கி வைத்திருந்தேன். இரண்டு மாத வேலை அது. அவள் கை சின்னது. கட்டைவிரல் மேட்டில் ஏறாமல் நழுவியது. கிளப் டிராயரிலிருந்து ஒரு அரத்தை எடுத்து, எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் ஒரு இழுப்பு இழுத்தாள். பிடியில் கோணலாக ஒரு கீறல் விழுந்தது.

"இப்படியா அரத்தைப் பிடிப்பாங்க? குடு இங்க" என்று வாங்கினேன்.

அவள் கையைப் பிஸ்டலில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, என் கட்டைவிரல் இருந்த இடத்தை நானே ராவினேன். மடியெல்லாம் மக்குத் தூள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நடுநடுவே அவளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லி, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி ராவினேன். அவளுக்குக் கச்சிதமாக உட்கார்ந்ததும் கடைசியாக ஒரு தடவை நான் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சேரவில்லை.