இரவல் கல்லறை

என் அப்பா உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்லறை கட்டிக்கொண்டவர். பாளையங்கோட்டையில் இது பெரிய அதிசயமில்லை. எங்கள் சபையில் சிலர், மகளுக்கு நகை சேர்ப்பதுபோல, ஆற அமரத் தங்களுக்கு ஓர் இடம் பார்த்து வைப்பார்கள். ஆனாலும் அப்பா கட்டியதுபோல யாரும் கட்டியதில்லை.

அம்மா இறந்து வருஷம் திரும்பும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில், அம்மாவுக்கு வலப்புறம் குழி வெட்டி, உள்ளே நாலு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசி, மேலே பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லைப் போட்டு மூடினார்கள். கல்லில் அவர் பெயர். பெயருக்குப் பின்னால் வாங்கிய பட்டங்கள் எல்லாம். அதற்குக் கீழே ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்று பெரிய எழுத்தில். பிறந்த தேதியும் வெட்டியாகிவிட்டது. மற்றத் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போவோம். அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் தன் கல்லைத் துடைப்பார். எழுத்துக்குள் காய்ந்து கிடக்கும் காக்கை எச்சத்தை ஈர்க்குச்சியால் சுரண்டுவார். “சார்வாள் தனக்குத்தானே மரியாதை செலுத்துதாரு” என்று தோட்டத்துக் காவல்காரர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அம்மா வீதியில் நடக்கும்போதும் அப்பாவுக்கு இடப்பக்கம்தான் நடப்பாள். அதே வரிசையில் இருவரும் அங்கே படுக்கப் போகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பட்டங்கள் அவருக்கு, அந்த வரிசை எனக்கு.

இனி ‘எதிர்க்கட்சி’யைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மனிதருக்கு அதுதான் பெயர். அப்பா வயதுக்காரர், சாத்தான்குளத்துப் பக்கம் பூர்வீகம், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சபைக் கமிட்டியில் இருந்தார்கள். எங்கள் வேதக்கோயிலின் மேற்கு வாசலை அடைக்க வேண்டும் என்றார் அப்பா. திறந்தே கிடக்க வேண்டும் என்றார் அவர். காற்றா, வெயிலா, ஆடு மாடா, என்ன காரணம் என்று இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. வாசல் திறந்தே கிடந்தது. அப்பா தோற்றார். அதன்பிறகு கொட்டுகிற மழையிலும் கோயிலைச் சுற்றிக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போவாரே தவிர, மேற்கு வாசலில் கால் வைக்க மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

திருவிருந்து ஆராதனையில்தான் இது சந்தி சிரிக்கும். எங்கள் கோயிலில் அன்றைக்குச் சமாதானம் கொடுப்பது உண்டு. முதலில் ஐயர் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கொடுப்பவர் தன் வலதுகையை வாங்குபவரின் வலதுகையோடு சேர்த்து, இடதுகையால் மூடிக்கொள்வார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். ஐயர் கையிலிருந்து கிளம்பும் சமாதானம் பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரைக்கும் போகும். முதல் பெஞ்சின் ஓரத்தில் அப்பா. அவருக்கு நேர் பின்னால் எதிர்க்கட்சி. அப்பா திரும்பினால்தான் அவர் கைக்குப் போகும். அப்பா திரும்பமாட்டார். அவரும் கையை நீட்டமாட்டார். கர்த்தருடைய சமாதானம் அந்த இடத்தில் மட்டும் நடுவே பாறை கிடக்கும் ஆற்றைப்போலச் சுற்றிக்கொண்டு போகும். பெண்கள் பக்கத்திலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை விடாமல் பெய்தது. தாமிரபரணியில் கரை புரண்ட வெள்ளம். தாழ்ந்த பாலங்களெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்த வாரத்தில்தான் எதிர்க்கட்சியின் மனைவி இறந்துபோனார். சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் சாலை அறுந்து கிடந்தது. உடலைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் கட்டி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அன்று காலை ஜெபத்தில் அப்பா அந்த வீட்டுக்காக இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார், பெயர் சொல்லாமல்.

அடக்கம் செய்ய வேண்டிய நாளில் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முழுக்க நனைந்திருந்தார். காபியைக் கையில் கொடுத்ததும், எங்கள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கன வெட்டுனாலும் ஊத்து மாதிரி தண்ணி வருது சார்வாள். நாலு எடம் மாத்தியாச்சு. பெட்டியைத் தண்ணியில மெதக்க விடவா முடியும்.”

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேட்டில் கட்டிக் காலியாகக் கிடப்பது அப்பாவுடையது ஒன்றுதான். பாவம், கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அப்பா மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எங்குழி காஞ்சுதான கெடக்கும்?”

“கெடக்கு சார்வாள். பாத்துட்டுத்தான் வாரேன்.”

“அப்பம் என்ன யோசனை. அதுல வச்சிருங்க.”

எனக்கு வந்ததே கோபம். நாக்கு நீளம் என்று அம்மா என்னைத் திட்டியது சும்மா இல்லை. ஐயர் இருக்கிறார் என்றும் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

“அப்பா, அது அம்மா பக்கத்துல உள்ள எடம்.”

“தெரியும்ட்டி.”

“தெரிஞ்சா குடுக்கிய? பெறவு நீங்க எங்கன போய்ப் படுப்பிய?”

“எனக்கு இன்னும் நாள் கெடக்கு. அந்த அம்மா இன்னைக்குப் படுக்கணும்.”

ஐயர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். உலையில் போட்ட அரிசி வேகும் முன்பே திரும்பி வந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. எதிர்க்கட்சி மாட்டேன் என்றுவிட்டாராம். “அந்தாளு பேரு வெட்டுன கல்லுக்குக் கீழ எம்பொஞ்சாதி படுக்க மாட்டா. தண்ணின்னாலும் தண்ணியிலயே எறக்குங்க” என்றாராம்.

“நல்லதாப் போச்சு” என்றேன். மனசுக்குள் அம்மாவிடம், உன் பக்கத்து இடம் தப்பியது என்று சொல்லிக்கொண்டேன். அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

“எங்க கெளம்பிட்டிய?”

“கேக்கப் போறேன்.”

“குடுக்கேன்னு சொன்னாச்சு. வேண்டாம்னுட்டாரு. இன்னும் என்னத்தக் கேக்க?”

“வாங்கிக்கிடும்னு கேக்கணும்லா” என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். தடுத்து இழுத்து வரலாம் என்ற எண்ணம்தான். போகும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கொடுப்பது அப்பாவுக்குப் புதிதில்லை. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேதானே இருக்கும், தலைமையாசிரியர் உயரத்திலிருந்தே கொடுத்துவிடலாம். பகையாளி வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்று, நான் தருவதைத் தயவுசெய்து வாங்கிக்கொள்ளும் என்று கெஞ்சுவது வேறு சங்கதி. அதை அப்பா செய்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டில் பெட்டி இரண்டு பெஞ்சுகளின் மேல் இருந்தது. ஐஸ் உருகித் தரையெல்லாம் ஈரம். எதிர்க்கட்சி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். அப்பாவைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“என்னத்துக்கு வே வந்தீரு? நீரு ஜெயிச்சதக் காட்டிட்டுப் போவவா?”

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அப்பா செருப்பைக் கழற்றினார். கைகட்டி நின்றார். பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி நின்றார்.

“இல்ல வே. தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். அந்தக் குழி நான் பெருமைக்குக் கெட்டுனது. ஊருக்கே தெரியும், ஒமக்கும் தெரியும். அதுக்கு ஒரு நல்ல காரியம் வந்திருக்கு. அதத் தட்டிவிட்டுராதேயும்.”

அப்பாதான் மறுபடியும் பேசினார்.

“நம்ம ஆண்டவரே இரவல் கல்லறையில கெடந்தவரு. இன்னொருத்தன் தனக்குன்னு வெட்டி வச்சதுல படுத்துட்டு, மூணாம் நாள் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. நமக்கு என்ன வே சொந்தக் கல்லறை வேண்டிக் கெடக்கு? எல்லாரும் காலி பண்ணப் போற எடந்தான. அதுவரைக்கும் அந்த அம்மா நனையாமக் கெடக்கட்டும்.”

எதிர்க்கட்சி அழுகையை அடக்கிக்கொண்டு, சண்டையை விட மனசில்லாதவர்போல ஒரு கேள்வி கேட்டார்.

“உம்ம பேரு வெட்டுன கல்லுலா கெடக்கு?”

“திருப்பிப் போட்டாப் போச்சு. எழுத்து மண்ணப் பாக்கட்டும். மேல அந்த அம்மா பேர வெட்டும்.”

அதற்கு மேல் அந்த மனிதரால் முடியவில்லை. முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்பா இரண்டடி முன்னால் போய் வலதுகையை நீட்டினார். அவர் தன் கையைக் கொடுத்தார். இருவருடைய இடதுகைகளும் மேலே வந்து மூடிக்கொண்டன. கோயிலில் இத்தனை வருஷம் நடக்காதது, ஐஸ் தண்ணீர் ஓடுகிற அந்தத் தரையில் நடந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியத்துக்கு மேல் அடக்கம். தூறல் இருந்தது. கடப்பாரை போட்டு, கயிறு கட்டி, வாலிபர்கள் கல்லைத் தூக்கினார்கள். குழிக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. பெட்டியை இறக்கினதும் கல்லைப் பையப் புரட்டினார்கள். அப்பாவின் பெயர், பட்டங்கள், பிறந்த தேதி எல்லாம் கவிழ்ந்து உள்ளே போயின. மேலே பாலிஷ் இல்லாத சொரசொரப்பான முதுகுதான் தெரிந்தது. அப்பா என் காதுப் பக்கம் குனிந்து, “பி.ஏ. குப்புற விழுந்துட்டுட்டி” என்றார். சாவு வீட்டு அடக்கத்தில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தோற்றவர் முகமா அது? பரீட்சையில் பள்ளிக்கூடமே தேறிய அன்றைக்குக்கூட அவர் அப்படி இருந்ததில்லை. அடக்கத்துப் பாட்டை எல்லோரும் உரக்கப் பாடினோம்.

அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு அப்பா மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்தார். அதைக் கண்டதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தபோது ஐயர் கையிலிருந்து வாங்கி, நேராகத் திரும்பி, பின் பெஞ்சுக்குக் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண்ணும் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று சின்னப் பிள்ளைகள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

இதற்குப் பிறகும் அப்பா சில வருஷம் இருந்தார். மற்றபடி மாறவில்லை, காபி ஆறியிருந்தால் அதே கோபம், செய்தித்தாளில் பிழை இருந்தால் அதே சிவப்பு மை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கைக்குட்டையை எடுத்து அந்த அம்மாவின் கல்லைத் துடைப்பார். பழக்கம் விடவில்லை என்று கேலி செய்வேன்.

ஒரு கோடையில் அவர் இறந்தார். அதற்குள் மேட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. பள்ளத்தில், சுற்றுச்சுவர் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. பட்டம் எதுவும் போடக் கூடாது, பெயர் மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருந்தார். சின்னதாக ஒரு சிமெண்ட் சிலுவை நட்டோம். வாயால் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் மேட்டில் அம்மா, பள்ளத்தில் அப்பா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு இடத்துக்கும் நடக்கும்போது நெஞ்சு வலித்தது. அந்த வரிசை போய்விட்டதே என்று இருந்தது.

அடுத்து வந்த உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு, வழக்கம்போல விடியும் முன்பே சபையார் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்தில் கூடினோம். கூட்டம் மேட்டில் நின்றது. நான் அப்பாவிடம் பள்ளத்தில் நின்றேன். கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் மேட்டிலிருந்து பைய இறங்கி வந்தார். எதிர்க்கட்சி. வந்து நின்று மூச்சு வாங்கினார். மெழுகுவர்த்தியைச் சிலுவைக்கு முன்னால் நட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினார்.

“ஒங்கப்பா தந்தது. ஒனக்கும் சேர வேண்டியதுலா” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அம்மா பக்கத்துல இல்லையே அவுக” என்று சொல்லிவிட்டேன். யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கம்பால் மேட்டைக் காட்டினார்.

“யாரு சொன்னா இல்லன்னு? ஒங்கம்மா பக்கத்துல அவரு பேரு அப்படியே கெடக்கு, குப்புற. செத்தவுகள எழுப்புத கடைசி எக்காளம் ஊதட்டும். எங்க வீட்டுக்காரி கல்லப் பொரட்டிட்டு எந்திப்பா. அப்பம் ஊரே பாக்க வெளிய வரப் போறது ஒங்கப்பா பேருதான். பட்டத்தோட.” கம்பை மறுபடி ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அந்த மனுசன் அங்கயும் எங்கிட்ட ஜெயிச்சிட்டாரு.”

கல்லறைத் தோட்டம் என்றும் பார்க்காமல் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மேட்டில் ஐயர், “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று உரக்கச் சொன்னார். சபையார் பதில் சொல்லுமுன் பள்ளத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முந்திக்கொண்டோம்.

“மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்.”