ஜெர்மன் காசு மெட்டி

எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது, நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் மொய்த் தட்டில் தம் நாட்டுக் காசு ஒன்றைப் போட்டார். ஐந்து மார்க். அதைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

எண்பதுகளில் மகளுக்குக் கல்யாணம் கூடியது. காசை மாற்றிவிடலாம் என்று, புதிதாக வந்திருந்த வேறொரு ஜெர்மன்காரரை என் கணவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்தார். பார்த்ததுமே அவர் உதட்டைப் பிதுக்கினார். அதை அவர்கள் அரசாங்கம் எப்போதோ திரும்பப் பெற்றுவிட்டதாம். ஆனாலும் நல்ல மனுஷர். என் முகம் வாடியதைக் கண்டு, தம் பையிலிருந்து புது ஐந்து மார்க் ஒன்றை எடுத்து, மாற்றிக்கொள்ளச் சொல்லி நீட்டினார்.

"வாங்கிக்க. நம்மளுது செல்லாக்காசு," என்றார் கணவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தையில் ஒவ்வொரு ரூபாயையும் சுண்டிப் பார்த்து வாங்கிய வீட்டில் பிறந்தவள் நான். இரண்டு காசையும் சிமெண்டுத் தரையில் போட்டேன். புதுசு டொக்கென்று விழுந்தது. என்னுடையது கணீரென்று துள்ளியது.

"இது வெள்ளிங்க! எனக்கு என்னுதே போதும்."

ஜெர்மன்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார்.

பத்தர் அதை உரசிப் பார்த்து, கொஞ்சம் வெள்ளி சேர்த்து உருக்கி, மெட்டி செய்து கொடுத்தார். செல்லாத அந்தக் காசு என் மகள் காலில் ஏறி அக்கினியை வலம் வந்தது. பந்தலில் முன்வரிசையில் அதே ஜெர்மன்காரர்!

இன்றைக்கும் யாராவது எதையாவது செல்லாது என்றால், நான் கேட்பது ஒன்றுதான்: "தரையில போட்டுப் பாத்தீங்களா?"