சில்லுப் பூட்டிய வீடு

என் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் என் கணவர் இன்னொரு வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. பசுவை அவிழ்த்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் கட்டினார். கொட்டிலைக் கூட்டினார். பிறகு குந்தியிருந்து, நிலத்தில் கரிக்கட்டியால் நீளமாக எதையோ கீறத் தொடங்கினார்.

"உதென்ன கீறுறியள்?" என்று கேட்டேன்.

"வீடு."

"வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு வீடு கட்டுறியளோ?"

"இது சில்லுப் பூட்டின வீடு. வண்டில் மாதிரி உருளும், காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கலாம். உள்ளுக்கை படுக்கலாம்."

அவ்வளவுதான். அந்த மனுசனிடமிருந்து ஒரு நாளைக்கு அதற்குமேல் சொல் வராது. நானோ வாயை மூடத் தெரியாதவள். பசு எங்கே படுக்கும், மழை வந்தால் என்ன செய்யும், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் கீறிக்கொண்டே போனார்.

அவர் எட்டு வருடம் மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் வேலை பார்த்தவர். கலியாணம் முடிந்து ஆறாம் மாதமே கப்பலேறினார். "நீரும் வாருமன்" என்று கேட்டவர்தான். அம்மாவையும் வீட்டையும் விட்டிட்டு வரமாட்டேன் என்று நான்தான் சொன்னேன். எட்டு வருடமும் கடிதத்தோடு குடும்பம் நடத்தினேன். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அங்கே ஆட்களைக் குறைத்தபோது ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். அதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார். வந்த கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்தில் யாரோ பாவித்த சின்ன மோட்டார்க் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டார்.

வந்தவர் இருந்தாரா? இல்லை. கிணற்றடியிலிருந்து வாசல் படலைக்கு நடப்பார், படலையிலிருந்து கிணற்றடிக்கு நடப்பார். கன்றைக் காணாத பசுகூட அப்படி நடக்காது. சாப்பிட்ட கை காயமுன் காரின் மூடியைத் திறந்து எதையாவது திருகிக்கொண்டு நிற்பார். "திருக்கோணமலைக்கு ஒருக்காப் போட்டு வருவமே?" என்று ஒருநாள் கேட்டார். "ஆர் ஆரோ படுத்தெழும்பின கட்டிலிலை என்னாலை படுக்கேலாது" என்றேன். சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனேன். என் மனதில் இருந்தது ஒன்றேயொன்று: இந்த மனுசன் திரும்பவும் போய்விடுவார்.

எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணோடு வருகிறவை. மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து சேருவார். அதனால் நான் 'என்ரை வீடு' என்பதும் அவர் 'உம்மடை வீடு' என்பதும் எங்களுக்குள் சாதாரணம். ஒருநாள் மட்டும் என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. வேலைக்கு முட்டுக்கொடுக்க என்று மாமரத்தில் ஒரு கொப்பை வெட்டிவிட்டார். வந்ததே எனக்குக் கோபம். "இது என்ரை அப்பு சீதனமாத் தந்த வளவு. என்னைக் கேக்காமல் ஒண்டிலையும் கைவையாதேங்கோ" என்று கிணற்றடிக்குக் கேட்கக் கத்தினேன். அவர் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தார். 

வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தைக் கொட்டில் கப்புத் தூணில் குத்தி வைத்திருந்தார். மாங்காயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு பெட்டி. முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் வழிந்து இறங்கியிருந்தது. அந்த வளைவுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சட்டத்தை வளைக்கப் போனால் படக்கென்று முறியும். மூன்று சட்டம் முறிந்தபிறகு வல்வெட்டித்துறைக்குப் போய், தோணி கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து என் முற்றத்தில் நெருப்பு, கொதிதண்ணீர், ஈரச் சாக்கு. ஈரச் சாக்கைச் சுற்றி, வெந்நீரை ஊற்றி ஊற்றி, இரண்டு மரக்குற்றிகளுக்கு நடுவே வைத்து மெல்ல மெல்ல வளைத்தார். நெல் அவிக்கிற அண்டாவை எடுத்துவிட்டார் என்று அதற்கும் நான் ஒரு பாட்டம் ஏசினேன்.

பார்க்க வந்தவர்களுக்கு நல்ல பம்பல். "கோழிக்கூடோ?" என்றார்கள். "உதுக்குள்ளை போனால் நாலுபேர்தான் தூக்கிக்கொண்டு போகவேணும்" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். அவர் போனதும் படலையடியில் தண்ணீர் தெளித்துவிட்டேன். அபசகுனம் பிடித்தவர்!

மார்கழியில் அவர் சில்லும் அச்சும் தேடிச் சாவகச்சேரிக்குப் போனார். அடிபட்டுக் கிடந்த பழைய காரொன்றிலிருந்து கழற்றி எடுக்க இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளில் நான் என் வேலையைப் பார்த்தேன்.

வேலி வேலைதான். எங்கள் வளவுக்கும் முன்வீட்டு வளவுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை. அது எல்லோருக்கும் பொதுப் பாதை. முன்வீட்டு அக்கை அதற்கு முந்தின வருடம் தன் வேலியை அரைச்சாண் வெளியே தள்ளி அடைத்திருந்தா. எனக்கு அது வயிற்றெரிச்சல். மழை விட்ட நிலம் பதமாக இருந்தது. ஆள் பிடித்து, பழைய வேலியைப் பிடுங்கி, ஒரு முழம் வெளியே தள்ளிப் புதுக் கதியால் தடிகள் நட்டேன். பூவரசும் கிளுவையுமாக முப்பது கதியால். பனையோலை வைத்து வரிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தபோது என் உயரம் ஒரு அங்குலம் கூடியிருந்தது.

அக்கை படலையைத் திறந்துகொண்டு வந்தா. "எடி பிள்ளை, என்ரை வண்டில் என்னெண்டு போறது?"

"சின்ன வண்டிலாப் பாத்து வாங்குங்கோ" என்றேன்.

அதோடு எங்களுக்குள் கதை இல்லை. அவர் அச்சோடு வந்து சேர்ந்தார். சின்னக் கார் எப்படியோ ஒழுங்கைக்குள் நுழைந்து வந்துவிட்டது. புது வேலியைப் பார்த்தார். அச்சை இறக்கத் தொடங்கினார்.

தையும் போய் மாசியும் வந்தது. அடித்தட்டு முடிந்தது. வளைந்த பக்கச் சுவர் இரண்டும் நிமிர்ந்து நின்றன. இனிக் கூரைக்குப் பலகை அடித்து மேலே மழைக்குப் படங்குச் சீலை போர்த்தினால் சரி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டுக் கொட்டிலுக்கு ஓடுவேன், பார்ப்பேன், திரும்பி வருவேன். இதைக் கொழுவிக்கொண்டு எங்கே போகப்போகிறார்? எத்தனை நாளைக்கு? கேட்டால் "முதல் முடியட்டும்" என்பார். கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. 'நான் இதிலை இருக்கிறனோ?' என்பதுதான். எல்லாவற்றையும் கத்திக் கேட்கத் தெரிந்த எனக்கு அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் கொல்லனிடம் போயிருந்த நேரம் பார்த்து நான் அதற்குள் ஏறிப் படுத்தேன். பலாப்பலகை வாசம். ஒரு சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தேன். மற்றச் சுவர் எட்டவில்லை. நாலடி இருக்கும். இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இராசவள்ளிக்கிழங்கு கிண்டிக் கொடுத்தேன். அவர் வழித்துச் சாப்பிட்டார்.

சில்லுப் பூட்டியது அடுத்த கிழமை. ஒரு பக்கச் சில்லின் வெளி விளிம்பிலிருந்து மற்றச் சில்லின் வெளி விளிம்புவரை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு மரச் சலாகையை வெட்டினார். அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, சலாகையைச் சுவரில் சாத்திவிட்டு, கொட்டிலுக்குள் நெடுநேரம் சும்மா நின்றார். பின்னேரம் நான் போய்ப் பார்க்கிறேன், அடித்தட்டில் நெடுக்காகக் காவி தோய்த்த நூலால் அடித்த சிவப்புக் கோடு. ஒரு பக்கம் மூன்றடி. மற்றப் பக்கம் ஒரு அடி. அந்த ஒரு அடி, நான் ஒட்டிப் படுத்த சுவர்ப் பக்கம்.

"உதென்ன கோடு?"

"நாளைக்கு அதிலை அரியவேணும். சுவரை உள்ளுக்குத் தள்ளவேணும். அச்சையும் குறுக்கவேணும்."

"ஏன்?"

"அகலம் கூடிப்போச்சு."

"ஆருக்குக் கூடிப்போச்சு? ஒராள் படுக்கக் காணுமெண்டு இப்பதான் கண்டுபிடிச்சியளோ? நல்லது. கொழுவிக்கொண்டு போங்கோ. கப்பலிலை ஒருக்கா, காரிலை ஒருக்கா. நான் வேலிக்குக் காவல் இருக்கிறன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உம்மடை வளவிலை நான் என்னத்தைச் சொல்ல" என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வளவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சொல் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. விடிந்ததும் தேநீரைக்கூடக் குடிக்காமல் அந்தச் சலாகையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினேன். இதை வைத்து அப்படி என்னத்தைத்தான் அளந்தார் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

றோட்டு முனையிலிருந்து குறுக்காகப் பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. அடுத்த வளவிலும் இருந்தது. முன்வீட்டு அக்கையின் வேலி தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் போனது. என் வேலி தொடங்கியது. சலாகை ஒரு பக்கம் அக்கையின் ஓலையில் குத்தியது. மறுபக்கம் என்னுடைய புதுப் பூவரசங் கதியாலில் போய் முட்டி நின்றது. தள்ளினேன். போகவில்லை. இன்னும் ஒரு அடி வேண்டும். அந்த ஒழுங்கை முழுக்க அது போகாத இடம் என் வேலி ஒன்றுதான்.

கதியாலெல்லாம் துளிர்விட்டிருந்தது. நான் நட்ட கதியால். கேட்காமல் கைவைக்காதே என்று நான் போட்ட சத்தம். அதற்குப் பயந்துதான் அந்த மனுசன் வேலியைத் தொடாமல் தான் கட்டிய வீட்டை அரியப் போகிறார். எனக்கு என்னைத் தூக்கி அடிக்கவேண்டும் போலிருந்தது.

ஓடிப்போய்க் கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தேன். ஓலைக்கட்டை வெட்டிவிட்டு, முதல் கதியாலின் அடியில் குத்திக் கிளப்பினேன். வேர்விட்டது அவ்வளவு சுலபமாக வருமா? சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பவும் குத்தினேன். முன்வீட்டுப் படலை கிரீச்சென்றது.

"என்னடி பிள்ளை," என்றா அக்கை, "உன்ரை வேலிக்குக் கால் முளைச்சு உள்ளுக்கை நடக்குதோ?"

மூன்று மாதத்துக்குப்பின் பேசிய முதல் பேச்சு. வேறு நாளென்றால் ஒழுங்கை பற்றி எரிந்திருக்கும். "ஓம் அக்கை, நடக்குது" என்றேன். அவவே திகைத்துப் போனா.

ஆறாவது கதியாலைப் பிடுங்கும்போது அவர் வந்தார். கையில் மரம் அரிகிற வாள். அரியத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். என்னையும் அலவாங்கையும் படுத்துக் கிடந்த வேலியையும் பார்த்தார். சலாகையை எடுத்து அவரிடம் நீட்டினேன். "பிடிச்சுப் பாருங்கோ. இப்ப போகும்."

அவர் பிடித்துக்கொண்டு நடந்தார். முட்டாமல் போனது. பிடுங்கிய இடம் முடியும்வரை போய்த் திரும்பி வந்து, வாளை நிலத்தில் வைத்துவிட்டு, என் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார்.

"வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன?" என்றேன். "என்ரை பக்கத்தை அரிஞ்சுபோட்டு என்னை எங்கை படுக்க விடப்போறியள் எண்டு ராமுழுக்க நான்…"

"உம்மடை பக்கமோ?" என்றார். அவருக்கு நிசமாகவே விளங்கவில்லை. "மிச்சம் இருந்த மூண்டடியும் உமக்குத்தானே. நீர்தானே பிறத்தியார் கட்டிலிலை படுக்கமாட்டன் எண்டனீர். நான் கார்ச் சீற்றிலை முடங்குவம் எண்டு இருந்தனான்."

சொல்லிவிட்டு ஏழாவது கதியாலின் அடியில் குத்தத் தொடங்கினார். நான் ஒழுங்கையின் நடுவே, மண்ணில், அப்படியே குந்திவிட்டேன். சத்தம்போட்டு அழுதேன். முன்வீட்டு அக்கை படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பார்க்கட்டும்.