ஸ்டெப்னி இருந்த இடத்தில் இரண்டு பெட்டி

டயரில் ட்யூப் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். கெடிலம் ஆற்று மணலில் ஞாயிறுதோறும் பைக்கை உருட்டும் எங்கள் கடலூர் கூட்டத்தில் டயர் விஷயம் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் உண்டு. திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம் என்று யோசிக்கிற ஆள் நான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ட்யூப்லெஸ். முள் குத்தினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. குத்திய ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து, போய்க்கொண்டே இருக்கலாம்.

இதைத்தான் மாமாவிடமும் சொன்னேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர், சிதம்பரத்துக்காரர். அவரிடம் ஒரு பழைய ஜீப். இறால் குஞ்சு கொண்டுவரும் வேன் பைபாஸோடு நின்றுவிடும். அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இறால் குளங்களுக்குச் சேற்றுக்கரை மேல் போக இந்த ஜீப்தான். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சு, பைகள் தெர்மாகோல் பெட்டிக்குள். வெயில் ஏறுவதற்குள் குளத்தில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்கவில்லை என்றால் பை சூடாகிக் குஞ்சு செத்துவிடும். அவ்வளவுதான் அந்தத் தொழில்.

நாயும் மாடும் குளத்தில் இறங்கிவிடக் கூடாதென்று கரை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்கள். அந்த முள் மாமாவின் டயரைக் குத்தாத வாரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை உருவி, ஒட்டுப்போட்டு மாட்ட வேண்டும். அக்கா வீட்டில் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் ஆரம்பித்தேன்.

"இன்னும் ட்யூபக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே மாமா."

"உங்கக்காவையே கட்டிக்கிட்டு அழுவுறேன். ட்யூப் எம்மாத்திரம் மச்சான்?"

அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அழுவுறவரு தட்டுல மூணாவது துண்டு எப்புடி வந்துச்சாம்?"

சிரித்துச் சிரித்தே அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நாலு சக்கரத்துக்கும் ட்யூப்லெஸ் டயர். ரிம் மட்டும் பழசு. ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மின் உள்பக்கத்தில் ஒரு சின்ன மேடு ஓடும். டயரின் விளிம்பு உள்ளே சரிந்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். மாமாவின் ரிம்மில் அந்த மேடு இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, அதெல்லாம் மலையேறுகிற வண்டிகளுக்குச் சொல்வது, இங்கே என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். அதோடும் நிற்கவில்லை.

"பஞ்சரே பிரச்சனை இல்லன்னு ஆயிடுச்சு, ஸ்டெப்னி எதுக்கு மாமா? அந்த எடத்துல ரெண்டு பொட்டி ஜாஸ்தி வைக்கலாம்ல?"

ஸ்டெப்னி வீட்டு மாடிப்படிக்கு அடியில் போனது. கழற்றிய ட்யூப்களில் நல்லதாக ஒன்றை, குளங்களுக்குப் போகிற வழியில் மதகு ஓரம் நண்டு பிடிக்கிற அண்ணனுக்குக் கொடுத்தேன். இடுப்பளவு உப்புத்தண்ணீரில் நடந்தபடியே நண்டு பிடிப்பவர். ட்யூபின் நடுவில் வலையைக் கட்டி, பிடித்ததை அதில் போட்டுப் பக்கத்தில் மிதக்கவிட்டுக்கொள்வார். தானம் செய்த பெருமையோடு அதை நான் போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது. முள் குத்தும், திரி செருகுவோம், போவோம். "எம் மச்சான் சொன்ன டயரு" என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை விட்ட மறுநாள் நானும் கூடப் போனேன். பெட்டி எல்லாம் பரங்கிப்பேட்டை பாய் ஒருவருக்கு. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, ஒரே ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். போன முறை நோய் வந்து குளம் மொத்தமும் போயிருந்தது. இந்த முறை குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் ஏற்றி, காலையிலிருந்தே கரையில் காத்திருக்கிறார் என்று மாமா வழியில் சொன்னார். கரை ஏறுமுன், சேற்றில் டயர் நன்றாகப் படியட்டும் என்று நான் இறங்கிப் பாதிக்கு மேல் காற்றை இறக்கினேன்.

"போதுமா மச்சான், டயரு படுத்துடுச்சே."

"படுத்தாதான் மாமா பிடிக்கும்."

பிடித்தது. மதகுக்கிட்ட வளைவு வரைக்கும். மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார், வண்டி முன்னால் ஒரு பக்கம் உட்கார்ந்தது. பஞ்சர் இல்லை. டயரின் விளிம்பு ரிம்மை விட்டு உள்ளே நழுவி, இடைவெளியில் சேறு புகுந்திருந்தது. திரி செருக ஓட்டையே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, கால்பம்பை மிதித்தேன். அடித்த காற்றெல்லாம் விளிம்பு வழியாகவே வெளியேறியது. டயரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி இறுக்கினால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதையும் மாமாவுக்கு விளக்கிக்கொண்டே செய்தேன்.

"மச்சான், டயர் பாடத்த அப்புறம் கேக்கறேன். மொதல்ல பொட்டிய நெழல்ல வை."

நிழல் என்று அங்கே இருந்தது ஜீப்பின் நிழல்தான், அதுவும் குறைந்துகொண்டே வந்தது. போன் போனதும் பாய் தன் மொபெட்டில் வந்தார். பின்னால் இரண்டு பெட்டியைக் கட்டி, வழுக்குகிற கரையில் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி இரண்டு. இந்த வேகத்தில் எல்லாப் பெட்டியும் போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

மாமா எழுந்து மதகுப் பக்கம் பார்த்தார். தண்ணீரில் நண்டு அண்ணன். அவர் பக்கத்தில் கறுப்பாக, எங்கள் ட்யூப்.

நான்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுத்தது நீதானப்பா. காத்தோட வேணுமா, காத்த புடுங்கிட்டுத் தரவா?"

வலையை அவிழ்த்து, பிடித்திருந்த நண்டுகளைத் தலைத்துண்டில் கொட்டி மூட்டையாகக் கட்டினார். "நண்டு கடிச்ச எடத்துல ஒரு ஒட்டு போட்ருக்கேன், பாத்துக்க" என்று ட்யூபை நீட்டினார். அன்றைய வேலை அவருக்கு அதோடு முடிந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

நெம்புகம்பி சீட்டுக்கு அடியில் இருந்தது. அதையும் தூக்கிப்போடச் சொல்லியிருந்தேன், நல்லவேளையாக மாமா மறந்திருந்தார். ரிம்மில் இருந்த வால்வைப் பிடுங்கி, சேற்றை விரலால் வழித்து, ட்யூபை உள்ளே திணித்தோம். மிதித்தேன். உள்ளே ட்யூப் உப்பி, விளிம்பைத் தள்ளிக்கொண்டுபோய் ரிம்மில் ஒட்ட வைத்தது. எவ்வளவு சுலபமாக அது நடந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீதிப் பெட்டிகளோடு குளத்துக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலில் போன பைகளில் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது. பாய் கடைசிப் பெட்டிகளைத் திறந்து ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்தார். குஞ்சுகள் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன. பையை மெல்லத் தட்டினார். சில மட்டும் எழுந்து நீந்தின. அடுத்த பை. அதுவும் அப்படித்தான்.

"ரோடு சரியில்ல பாய்" என்றார் மாமா.

"ரோடு இல்ல பாய், நான்தான். டயர மாத்தச் சொன்னதும் நான், காத்த எறக்குனதும் நான், ஸ்டெப்னி வேணாம்னதும்..."

"வெயிலு ஜாஸ்தி தம்பி, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மொகமெல்லாம் செவந்துபோச்சு, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பாட்டிலை என் கையில் வைத்துவிட்டு, உயிரோடு இருந்த குஞ்சுகளை வலையால் அரித்தெடுக்கத் திரும்பிவிட்டார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். திரும்புகிற வழியில் மாமாவாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "சாப்புட்டுட்டுப் போ மச்சான், உங்கக்கா நண்டு செய்யிறாளாம்" என்றார். அன்று எனக்கு நண்டு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு கெடிலத்துக்குப் போகவில்லை. கடலூரில் இரண்டு புது ட்யூப் வாங்கி, பஸ்ஸில் சிதம்பரம் வந்து, மாமாவோடு ஜீப்பில் ஏறினேன். ஸ்டெப்னி அதன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. நாலு டயருக்குள்ளும் ட்யூப். வழியில் முள் குத்தியது. நானே கழற்றி, நெம்பி, ஒட்டுப்போட்டேன். மாமா பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

மதகுக்கிட்ட இறங்கி, புது ட்யூப்களைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீரில் நின்றபடியே கையை ஆட்டினார். அவர் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று மிதந்தது. அன்று பாயின் குளத்துக்கு நாங்கள் கொண்டுபோன தெர்மாகோல் பெட்டி. காலியான பெட்டிகளைக் கரையில் போட்டிருந்தார்களாம், ஒன்றை எடுத்துக்கொண்டாராம்.

"ட்யூப் வேணாம் தம்பி, நீயே வச்சுக்க" என்றார் நண்டை உள்ளே போட்டு மூடியபடி. "இது பஞ்சராவாது."