அம்சவல்லி அம்மாள் கேட்டு எழுதிய ஐம்பது சொற்கள்

திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். என் மேஜை டெலிபோன் அடித்தது. எங்கள் கம்பெனியே செய்த கருவிதான், ஆனாலும் லைனில் ஒரே இரைச்சல். "சார், நான் செல்வி பேசறேன். அம்சவல்லி பொண்ணு. அம்மா விடியக்காலைல போய்ட்டாங்க சார்" என்றது குரல். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அல்லது கேட்க மனமில்லை. இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்துவிட்டேன், பாவம் அந்தப் பெண். என் இடத்தில் அம்சவல்லி அம்மாள் இருந்திருந்தால் ஒரே தடவையில் கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் தலைமை அலுவலகம். பல நாடுகளில் தொழிற்சாலைகள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சு சாமான்கள் முதல் ரேடியோ, டேப் ரிகார்டர், டீவி வரை எல்லாவற்றிலும் ஒரே முத்திரை. "உலகத்தில் பாதி வீட்டில் நாம் பேசுகிறோம், மீதி வீட்டில் பாடுகிறோம்" என்று எங்கள் மேனேஜர் வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பிரெஞ்சுக் காலத்து மனிதர் அவர். கோபம் வந்தால் பிரெஞ்சு, சந்தோஷம் வந்தால் தமிழ். அந்தப் பெரிய கம்பெனிக்குப் புதுச்சேரியில் இருந்தது, டெலிபோன்களைப் பூட்டிச் சோதித்து அனுப்பும் ஒரு கூடம் மட்டுமே.

அங்கே நான் வாய், அம்சவல்லி அம்மாள் காது. அதுதான் எங்கள் வேலை. ஒரு அறையில் நான் டெலிபோனில் ஐம்பது சொற்களைப் படிப்பேன். தாழ்வாரத்தைத் தாண்டி இன்னோர் அறையில் அவர் கேட்டு எழுதுவார். எத்தனை சரியோ அத்தனை மதிப்பெண் அந்தக் கருவிக்கு. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் போனால் பக்கத்து அறைக் குரலும் டில்லியிலிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். சொற்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒட்டிய உறையில் வரும். 'டபி, மொகு, லசே, நிரோ' என்று ஒன்றுக்கும் அர்த்தம் இருக்காது. இந்தக் கூத்து எதற்கு என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "அர்த்தம் இருந்தா பாதிய மனசே கேட்டுக்கும் சார். அர்த்தமில்லாததத்தான் காது ஒழுங்கா கேக்கும்."

அவருக்குப் பாம்புச் செவி. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தறிச் சத்தத்தில் காது போனவர். "அவரு பங்குக் காதும் எனக்கு வந்துடுச்சி சார்" என்று சிரிப்பார். நான் படிப்பதோடு நிற்காமல், அறையில் வேறு என்ன சத்தம் கேட்டாலும் தாளின் கடைசிக் கட்டத்தில் எழுதிவைப்பார். மின்விசிறி, காக்கை, ஒரு தரம் என் வயிற்று இரைச்சல்கூட. கேட்டது தெளிவு என்றால் பக்கத்தில் ஒரு சிறு டிக். மேல்தாள் கம்பெனிக்கு, கார்பன் நகல் அவருக்கு. ஒருநாளும் நாற்பத்தெட்டுக்குக் கீழே அவர் இறங்கியதில்லை.

இனி நான் தலைகுனிந்து சொல்ல வேண்டிய கதை. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், கம்பெனியின் கலர் டீவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாடியில் போட்டுக் காட்டினார்கள். ஊரில் யாரும் அதுவரை கலரைப் பார்த்ததில்லை. சோதனை ஆரம்பிக்க மணி அடித்துவிட்டது. ஐந்து நிமிடம்தானே என்று, பிரித்த உறையையும் ரிசீவரையும் மேஜையில் கிடத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். பச்சைக் கிளியொன்று பச்சையாகவே பறந்ததைப் பார்த்துக்கொண்டு அரைமணி நின்றுவிட்டேன்.

இறங்கி வந்து ரிசீவரை எடுத்தேன். "முடிஞ்சிடுச்சி சார், வெச்சிடறேன்" என்றார் அம்சவல்லி அம்மாள்.

அவர் அறைக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் தாளில் ஐம்பது வரியும் நிரம்பியிருந்தது. மேனேஜர் உறையிலிருந்த சொற்களோடு ஒப்பிட்டார். ஒரு சொல்கூடப் பொருந்தவில்லை. கடைசிக் கட்டத்தில் 'தூரத்தில் மேளம், இரும்பு நாற்காலி இழுக்கும் சத்தம்' என்று எழுதியிருந்தது. "டெலிபோன் கம்பெனியில் மேளமா?" என்று அவர் பிரெஞ்சில் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ படித்தாயா?" என்று கேட்டார். அறையை விட்டு வெளியே போனால் வேலை போய்விடும் என்பது சட்டம். "படித்தேன்" என்றேன்.

'காதால் கேட்பதும் பொய்' என்று பழமொழியில் பாதியைச் சொல்லி அவர் விசாரணையை முடித்தார். 'தீர விசாரிப்பதே மெய்' என்ற மீதிப் பாதியை யாரும் நினைக்கவில்லை. காது கெட்டுப்போனது என்று முடிவாயிற்று. அம்சவல்லி அம்மாளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஊரிலேயே நல்ல காது, பத்து வருடம் அட்டைப் பெட்டிக்கு வைக்கோல் திணித்தது. அதற்கு நானே காரணம்.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார். கோபமே இல்லை முகத்தில். "நீங்க மாடியில இருந்தத வாட்ச்மேன் சொன்னாரு சார். அப்ப எனக்குப் படிச்சது யாரு?"

நான் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தேன்.

"கொரல் உங்களுதுதான். ஆனா பல்செட் கட்டினவரு படிச்ச மாதிரி இருந்துச்சி. பாவம், தொண்ட வேற அடச்சிருந்துச்சி" என்றார். முப்பத்திரண்டு பல்லும் உள்ள வாயை இறுக மூடிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அதன் பிறகு எத்தனையோ நாள் அந்த அறையில் தனியே உட்காரப் பயந்து கதவைத் திறந்தே வைத்துப் படித்திருக்கிறேன்.

சில வருடம் கழித்து என்னை அந்தப் பிரிவுக்கே தலைவராக்கினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பேக்கிங் கூடத்துக்குப் போய், "அம்சாம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் கையில் வைக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார். "அதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே சார்" என்றார். குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். தப்பித்தோம் என்று திரும்பி வந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

செல்வி பேசிய அன்றே முதலியார்பேட்டைக்குப் போனேன். மஞ்சள்காமாலை பத்தே நாளில் கொண்டுபோய்விட்டதாம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாமந்தி மாலைக்கு நடுவே அந்த இரண்டு காதும் சின்னதாகத் தெரிந்தன. செல்வி, பழுப்பேறிய தாளொன்றை மடித்தபடி என் கையில் கொடுத்தாள்.

"அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. சார் வந்தா காதுகிட்ட ஒக்காந்து படிக்கச் சொல்லுன்னாங்க. ஜொரத்துல ஒளறாங்கன்னு நெனச்சேன் சார்."

பிரித்தேன். கலர் டீவி பார்த்த அன்றைய கார்பன் நகல். அடிப்பக்கம் மட்டும் உள்ளே மடிந்திருந்தது.

அவர் காதோரம் குனிந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் சொல்லிலேயே தொண்டை அடைத்தது. போன வருடம்தான் மேல்பல்லை எடுத்துப் பல்செட் கட்டியிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்து சனங்கள் விலகி நின்றார்கள். இருபதாவது சொல்லில் தெருமுனையில் மேளம் கேட்டது. வாசலில் யாரோ இரும்பு நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தார்கள். நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. இதை முன்பே ஒருவர் கேட்டு முடித்துவிட்டார், நான் படித்தே ஆக வேண்டும்.

ஐம்பதும் முடிந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது: "என்னை மன்னிச்சிடுங்க அம்சாம்மா. அன்னிக்கு நான் ரூம்ல இல்ல."

பிறகுதான் அடி மடிப்பை விரித்தேன். மேலே உள்ளதெல்லாம் கார்பன் நீலம். இது மட்டும் பேனா மை. மேல்தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு, தன் நகலில் மட்டும் அவர் எழுதிக்கொண்ட ஐம்பத்தோராவது வரி.

'என்னை மன்னிச்சிடுங்க அம்சாம்மா. அன்னிக்கு நான் ரூம்ல இல்ல.'

இந்த ஒரு வரியை மேனேஜரிடம் நீட்டியிருந்தால் அம்சாம்மா வேலை நிலைத்திருக்கும், என் வேலை போயிருக்கும். நீட்டவில்லை. நான் பொய் சொல்வதற்கு முன்பே என் மன்னிப்பைக் காதால் கேட்டுவிட்டு, அந்தப் பொய்யையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என் குரல் எந்தக் கம்பி வழியாக அவ்வளவு தூரம் பின்னால் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. தாளை அவர் கையிலேயே வைத்து அனுப்பினோம். போய் வாருங்கள், அம்சாம்மா. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் நீங்கள் ஒரு சிறு டிக் போட்டிருந்தீர்கள். தெளிவாகக் கேட்டிருக்கிறது.