பீர் முகம்மதுவின் கையை நான் கெடுத்த கதை

நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு அந்த மனுசனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச எனக்கு யோக்கியதை கிடையாது. பீர் முகம்மது கைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் டப்பாவில் நீல மையைக் கலந்தவன் நான். பேர் அங்கப்பன், ஊர் அன்னூர்ப் பக்கம். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை, நானேதான் செய்தேன்.

தொண்ணூற்று நாலில் நாங்கள் இரண்டு பேரும் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபிட்டர்கள். கிணற்று மோட்டாருக்கு பேரிங் மாட்டி, விரலால் கிரீஸ் அடைத்து, மூடி போட்டு அனுப்புகிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது மோட்டார். சாயங்காலம் பார்த்தால் முழங்கை வரைக்கும் எருமை முதுகு மாதிரி இருக்கும். நாங்கள் கை கழுவுகிற லட்சணத்தையும் கேளுங்கள். சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய்த் தட்டிலேயே கையை முக்கி, திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுச் சோத்துப் போசியைத் திறப்போம். சாப்பாட்டில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் மத்தியானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். தோல் வெடிக்கும், எரியும், மிளகாய் பட்டால் உயிர் போகும். ஆம்பளைக் கை அப்படித்தான் இருக்கும் என்று பேசிக்கொள்வோம்.

பீர் முகம்மது அப்படியில்லை. காலை ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுவார். பார் சோப்பை எடுத்துப் பத்து நகத்தாலும் பிறாண்டுவார். நகத்துக்கு அடியில் சோப்பு போய் அடைத்துக்கொண்டால் அப்புறம் கிரீஸ் போக இடமிருக்காது. அதன்மேல் தேங்காயெண்ணெயை மணிக்கட்டு வரை தேய்ப்பார். வேலை முடிந்ததும் மரத்தூளை அள்ளிக் காய்ந்த கையிலேயே உருட்டி உருட்டி அழுக்கை எடுப்பார். அடுத்து எண்ணெயில் ஒரு பிடி சர்க்கரை, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். மண்ணெண்ணெயை மட்டும் தொடவே மாட்டார். தொழுகைக்கு முன்னால் கை கழுவும்போது தோல்மேல் பிசுக்கு நிற்கக்கூடாது, தண்ணீர் தோலைத் தொட வேண்டும் என்பார். கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டால், "சுத்தற மெசினுக்குப் பக்கத்துல கையுறை போட்டா கையே போயிருமுங்க தம்பி" என்பார். முப்பத்தெட்டு வயசு மனுசனுக்குக் கல்யாணப் பொண்ணு கை. பார்க்கப் பார்க்க எங்களுக்கு எரிச்சலாக வரும்.

அவர் அத்தா கரீம், கோட்டைமேட்டில் நாற்பது வருசமாக மய்யித்துகளைக் குளிப்பாட்டியவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆளனுப்புவார்கள், போய் இலந்தை இலை வெந்நீரும் கற்பூரமுமாகக் கழுவிக் கபன் துணி சுற்றிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அந்தக் கிழவருக்கு மகன் கம்பெனிக்குப் போனதே பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாராம். எண்பத்தேழில் பீர் முகம்மதுவின் அம்மா இறந்தபோது, மகன் வேலையிலிருந்து கிரீஸ் கையோடு அப்படியே ஓடி வந்து குழிக்குள் அம்மாவை இறக்கக் கை நீட்டியிருக்கிறார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, "கைய எடுறா!" என்று தள்ளிவிட்டார் கரீம். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள். அன்றைக்குப் பிடித்ததுதான் பீர் முகம்மதுவுக்கு இந்த எண்ணெயும் மரத்தூளும்.

ஏழு வருசம் விடாமல் செய்தார். கிழவர் படுக்கையில் விழுந்து, ஒரு நாள் மகன் கையை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "என்னைய நீயே குளிப்பாட்டு. வேற எவனும் வேண்டாம்" என்றாராம். மறுநாள் கேண்டீனில் பீர் முகம்மதுவே எங்களிடம் அதைச் சொன்னார். கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அது பச்சைப் பொய்.

மார்கழி பிறந்ததும் டாக்டர் நாளெண்ணச் சொல்லிவிட்டார். பீர் முகம்மது ஃபோர்மேன் சாமுவேலிடம் போய், அத்தா காரியம் முடிகிற வரைக்கும் கிரீஸ் இல்லாத வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டார். சாமுவேல் இளகின மனசுக்காரர். மோட்டாருக்குப் பேர்த்தகடு அடிக்கிற மேசையைக் கொடுத்துவிட்டார். பேரிங் மேசை முழுக்க என் தலையில் விழுந்தது. அவர் சுத்தமான சட்டையோடு உட்கார்ந்து டொக்கு டொக்கென்று தகடு அடிக்க, நான் நூற்றிருபது பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்தேன். என் கையில் வெடிப்பு ரத்தமாகக் கசிந்தது. ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் வயிறெரிந்துபோய்விட்டது.

பேரிங் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஷாஃப்டில் நீல மை தடவுவோம். பசை மாதிரி இருக்கும். கடுகளவு போதும், சட்டை, டம்ளர், காது என்று தொட்டதெல்லாம் நீலமாகும். தண்ணீர் விட்டால் இன்னும் பரவும். ரேகைக்குள் இறங்கினால் ஒரு வாரத்துக்குக் கிடக்கும். குளிருக்கு அவர் டப்பாவில் தேங்காயெண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. மேலாக ஒரு ஏடு வழித்தெடுத்தேன், உள்ளே அரை டியூப் மையைப் பிதுக்கினேன், ஏட்டை மறுபடி மேலே பூசினேன். டப்பா இருந்த, நாங்கள் துணி மாற்றி வைக்கிற மூலையில் பல்பும் கிடையாது.

மறுநாள் விடியற்காலை இருட்டில் அவர் ஆழமாக இரண்டு விரலை விட்டு வழித்து, வழக்கம்போல மணிக்கட்டு வரை நன்றாகத் தேய்த்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

"அடேங்கப்பா! பாய் கிருஷ்ண பகவானாயிட்டாருங்கோ!" என்று நான்தான் முதலில் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் வாயோரம் கைவைத்துப் புல்லாங்குழல் ஊதிக் காட்டினான். பீர் முகம்மது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபித்துக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் நேராகத் தொட்டிக்குப் போய் மரத்தூளை அள்ளினார். மரத்தூள் நீலமாயிற்று. சர்க்கரை நீலமாயிற்று. எட்டு மணிக்கு, ஏழு வருசமாகத் தொடாத மண்ணெண்ணெய்த் தட்டில் இரண்டு கையையும் விட்டார். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாளில் போய்விடும், கிழவர் பொங்கல் வரைக்கும் இழுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. கிழவர் போய்விட்டார்.

"அங்கப்பா, உன்ர வண்டியில பாயைக் கொண்டுபோய் ஊட்ல உடு" என்றார் சாமுவேல். என்னைத்தான் சொன்னார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

என்னுடையது பழைய டிவிஎஸ் ஐம்பது. பின்னால் உட்கார்ந்தவர் என் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டையும் பிடிக்கவில்லை. எதிலும் படாமல் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். லட்சுமி மில் சிக்னலில் பிரேக் போட்டபோது விழப்போனார், அப்போதும் பிடிக்கவில்லை.

"தம்பி, சீயக்காய் போட்டா போயிருமுங்களா?" என்றார் காதருகில்.

"போயிருமுங்க பாய்" என்றேன். போகாது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அக்கா மெஹராஜ் வாசலுக்கு ஓடி வந்தவர், தம்பியின் கையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டார். பின்கட்டுக் குழாயடியில் உட்கார வைத்துச் சீயக்காய் கொடுத்தார். புளி கொடுத்தார், எலுமிச்சை அறுத்துக் கொடுத்தார், சலவைத் தூளைக் கரைத்து ஊற்றினார். கடைசியில் பீர் முகம்மது செங்கல் துண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம். புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது, சாக்கடையில் நீலமும் சிவப்புமாக ஓடிற்று. நகக்கண்ணில், ரேகையில், விரலிடுக்கில் நீலம் அப்படியே இருந்தது. பிழிந்தால் இன்னும் வரும் போலிருந்தது.

பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "மய்யித்தைக் காக்க வைக்கப்படாதுங்க. அசர் தொழுகைக்கு எடுத்தாகணும்."

"கையில துணி சுத்திக்கறேனுங்க" என்றார் பீர் முகம்மது. சுற்றினார். ஈரம் பட்டதும் துணியிலும் நீலம் ஊறி வந்தது.

"பாலிதீன் பை போட்டுக்கலாமுங்களே" என்று நான் சொன்னேன். என் வாயைக் கிழித்தாலும் தகும்.

மெஹராஜின் புருசன் யாகூப் என்னை முறைத்தார். "பெத்த அத்தாவப் பாலிதீன் பையோட தொடுவாங்களா?"

முற்றத்தில் சீலைகளை மறைப்பாகக் கட்டிக் கரீமைக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை மறைப்போரம் வைக்கப்போனதால் நான் அதைப் பார்த்தேன். யாகூப் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். பீர் முகம்மதுவால் பொறுக்க முடியவில்லை. கையிலிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு அத்தாவின் வலது காலைப் பிடித்தார். கையை எடுத்தபோது கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் ஒரு நீலக் கோடு.

யாகூப் அவர் கையைத் தட்டிவிட்டார். "போதும் மாப்ளே! கபனெல்லாம் கறையாயிரும். வெளிய போங்க."

"மச்சான், ஒரே ஒரு தடவைங்க. அத்தா என்னையத்தான் சொன்னாருங்க."

"அவரு சொன்னது சுத்தமான கைய. வெளிய போங்க!"

பெரியவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பீர் முகம்மது மறைப்புக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செம்புக்கும் "அத்தா, அத்தா" என்றார். வீட்டுக்குள்ளிருந்து மெஹராஜ் அடித்துக்கொண்டு அழுதார்: "ஊரு மய்யித்தையெல்லாம் கழுவினாரே! அவரைக் கழுவ மகன் கையில்லாமப் போச்சே!"

அந்தக் குரலைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு ஊட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ராகிக்களி இறங்கவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு கேடும் வரவில்லை.

நாலாம் நாள் பீர் முகம்மது வேலைக்கு வந்தார். இரண்டு கையிலும் கட்டு. சாமுவேல் எல்லோரையும் நிற்க வைத்து, எந்த நாய் இதைச் செய்தது என்று கேட்டார். பீர் முகம்மது, "விடுங்க சார், எண்ணெயில என்னமோ விழுந்துருச்சுங்க" என்றார்.

மத்தியானம் நான் தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வந்து எதிரே நின்றார். எங்கள் பக்கத்தில் சண்டை போட்டால்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அன்றைக்கு அவர் போடவில்லை.

"உன் கட்டைவெரல் நகத்துல நீலம் இருந்துச்சு. வண்டில வர்றப்பவே பாத்துட்டேன்."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். "அப்பவே ஏனுங்க பாய் கேக்கல?"

"கேட்டா நீ வண்டிய நிறுத்தியிருப்பே. எனக்கு அத்தாகிட்டப் போகோணும்."

நான் எழுந்து கும்பிட்டேன். "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. மன்னிச்சிருங்க பாய்" என்று அழுதேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கும்பிட்ட கையையே பார்த்தார்.

"அத்தா கால்ல ஒரு கோடு. மச்சான் தேச்சுத் தேச்சுப் பாத்தாரு, போகல. அதோடதான் கபனிட்டு மண்ணுல வச்சோம். மறுமையில அத்தா எந்திரிச்சு, இது யார் கைடான்னு கேப்பாரு. என் கையின்னு சொல்ல மாட்டேன். அங்கப்பன் கையின்னு உன் பேரத்தான் சொல்லுவேன்."

ஒன்றரைச் சங்கு ஊதிற்று. அவர் நேராகப் பேரிங் மேசைக்குப் போய், பல்லால் முடிச்சைக் கடித்து வலது கைக்கட்டை அவிழ்த்தார். தோல் இல்லாத விரல்களைக் கிரீஸ் டின்னுக்குள் விட்டார்.

"அது என்ர வேலைங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்று ஓடினேன்.

"தள்ளு" என்றார்.