அறுந்து அறுந்து போன அரட்டை

நண்பர்களே, எங்கள் மாமல்லபுரம் வீட்டு பிராட்பேண்ட் இன்று இரண்டு மணிநேரம் அறுபடாமல் ஓடியது!!!

ரசிகர் மன்றத்தின் இணைய அரட்டையை நடத்துபவன் நான். ஒரு வாரமாக, தொடங்கியதுமே இணைப்பு போய்விடும். இன்றும் போனால் அரட்டை நடத்தும் பொறுப்பு செங்கல்பட்டு செந்திலுக்கு என்று மன்றத்தில் சொல்லிவிட்டார்கள்.

அரட்டை நேரத்துக்குச் சரியாக டெலிபோன் லைன்மேன் வந்தார். வீட்டு லேண்ட்லைன் போன் ஒருமுறை அடித்து நின்றது. மோடத்தில் விளக்கு அணைந்தது.

"யாருப்பா அது?" என்றார்.

"மிஸ்டு கால், அண்ணாத்த. அரட்டைக்கு வந்தா ஒண்ணு குடுக்கச் சொல்லிக்கீறேன். நாப்பது பேரு."

"நெட்டை நீயே ஆள் வெச்சு அறுத்துகினு கீற! போன் மணி அடிச்சா நெட்டு அறுபடாம இருக்க மாட்டுற ஃபில்டர் இன்னாத்துக்கு மோடம் பொட்டியிலயே கீது?"

"எக்ஸ்ட்ரான்னு நெனச்சேன்."

அவர் மாட்டினார். அடுத்த மிஸ்டு காலுக்கு விளக்கு அசையவில்லை.

செந்தில், பதவி காலியில்லை, மன்னிக்கவும்.

மற்றவர்களே, உங்கள் இணைப்பை நீங்களே எப்படிக் கெடுத்தீர்கள்? வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள்!